சும்மா உட்கார்ந்திருந்த நேரம்

இரண்டாவது இட்லியின் கடைசி விள்ளலும் உள்ளே போயிற்று. இனி இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் இன்னொரு தடவை ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான் காரியம். சும்மா இருப்பதே சுகம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் சோலைமலையைப் பார்த்ததில்லை. ஐம்பத்து நாலு வயது மனுஷனை மரியாதை கொடுத்துத்தான் எழுத வேண்டும், ஆனால் அவன் வீட்டில் செய்துவிட்டு வந்திருக்கிற காரியத்துக்கு மரியாதை வாயில் வரமாட்டேன் என்கிறது, அவன் என்றே வைத்துக்கொள்வோம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே டிவியில் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிற ஒரு மாமியார், அதற்குக் கீழே காலி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவன். இட்லியை அவனே அவித்துக் கொண்டுவந்திருந்தான். மாவு கடை மாவுதான், ஆனால் அவித்த கை தன் கை. சட்னி கிடையாது, சாம்பார் கிடையாது, பொடி கிடையாது, அதிலெல்லாம் யார் எதைக் கலப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். தொட்டுக்கொள்ளக் கோபம் இருந்தது, அது போதும். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்துக்கு நூற்றுப் பதினெட்டு என்று லேப் பெண் பிரின்ஸி சற்று முன்தான் சொன்னாள். "சூப்பர்ணே, நல்லா கொறஞ்சிருக்கு. சாப்ட்டுட்டுப் பாக்குறதும் இருநூறுக்குள்ள வந்துருச்சுன்னா டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுருவாங்க." இருநூறுக்குள். கையெழுத்து விழுந்தால் திரும்பவும் ஸ்டீயரிங். அதைவிடப் பெரிய ஒன்றும் அந்த இருநூறுக்குள் இருந்தது. தன் சர்க்கரையை ஏற்றியது பெண்டாட்டி பஞ்சவர்ணம்தான், திருட்டுத்தனமாகச் சோற்றில் வெல்லத்தைக் கலந்தவள் அவள்தான், அவளை அடித்தது நியாயம்தான் என்று ஊருக்கும் மச்சினனுக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடலாம். அவள் இப்போது வலது கையில் மாவுக்கட்டோடு அலங்காநல்லூர்ப் பக்கம் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

ஸ்டீயரிங் போனது சித்திரையில். டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண், காது, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள், அவனும் வருஷா வருஷம் பாஸாகிக்கொண்டுதான் இருந்தான். கொடைக்கானலுக்கு மலையேறுகிற வண்டி அவனுடையது, கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திருப்பினால் ஜன்னலோரம் உட்கார்ந்த வெளியூர்க்காரர்கள் சாமி பெயரைச் சொல்வார்கள், அது அவனுக்குப் பிடிக்கும். அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வெள்ளைக் கார், முந்தவே கூடாத வளைவில் முந்திக்கொண்டு குறுக்கே நின்று, உள்ளேயிருந்து கூலிங்கிளாஸ் போட்ட ஒருத்தன் "யோவ் கெழவா" என்றான். கெழவா. அந்தச் சொல் இப்போதும், இந்த நாற்காலியிலும், பிடரியில் வந்து அடிக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கியது ஞாபகம் இல்லை, கார் ஜன்னலுக்குள் கையை விட்டது ஞாபகம் இருக்கிறது, முடி, நல்ல அடர்த்தியான முடி, பிடிக்க வாகாக இருந்தது, ஜன்னல் விளிம்பில் ஒரு தடவை, இன்னொரு தடவை, மூக்கு உடைந்த சத்தம், சட்டையெல்லாம் கோடு கோடாக ரத்தம். கண்டக்டர் ஜேசுராஜ் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தான். "விடுண்ணே, செத்துருவான்ணே." செத்தால் சாகட்டும். அங்கிருந்து நேரே டிப்போ, அன்றைக்குத்தான் அந்த வருஷத்துச் சோதனை, நேரே அந்த அறை, நெஞ்சு மத்தளம் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே ஒரு குளிர்ச்சி, ஒரு திருப்தி, ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. முந்நூற்றுப் பத்து என்றார்கள். மிஷின் சரியில்லை, திரும்பப் பாருங்கய்யா என்று மேஜையைத் தட்டிக் கத்தினான். பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது. கத்தியதற்கு முப்பது கூடிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது, அவனுக்குத் தோன்றவில்லை. "மலை ரூட்டு, அம்பது அறுபது உசுரு ஒங்க கையில. சுகர் எறங்குற வரைக்கும் கேட்டுல இருங்க" என்றார் டிப்போ மேனேஜர். அன்றிலிருந்து டிப்போ வாசலில் ஒரு நாற்காலி. வண்டி வந்தால் கேட்டைத் திற, போனால் சாத்து. நேற்று வேலைக்கு வந்த பயல்களெல்லாம் அவன் முகத்துக்கு நேரே ஹாரன் அடிப்பார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒருத்தனை அவன் மனசுக்குள் கீழே இழுத்துப் போட்டு டயருக்கு அடியில் தள்ளியிருக்கிறான். கணக்குப் பார்த்தால் டிப்போவில் ஒரு டிரைவரும் மிஞ்ச மாட்டான்.

எதிர் நாற்காலியில் ஒருத்தன் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்தான். சோலைமலையின் கண் அந்தத் தாடையில் போய் நின்றது. ஒரே அறை, போன் அந்தப் பக்கம், பல் இந்தப் பக்கம். விடு, விடு, இன்றைக்குச் சும்மா இரு. உள்ளங்கை வியர்த்திருந்தது, வேட்டியில் துடைத்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஏன் வியர்க்கிறது. டாக்டர் சுகந்தியின் அறையிலும் இப்படித்தான் வியர்த்தது, ஏசி அறை, பக்கத்தில் பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று படுத்திருக்கிறதாம். "சாப்ட்ட சாப்பாடு சர்க்கரையா ரத்தத்துக்கு வந்ததும் இதுதான் இன்சுலின விடணும். விட்டாத்தான் சர்க்கரை ரத்தத்த விட்டுட்டு ஒடம்புக்குள்ள போகும். நீங்க கோவப்படுறீங்கன்னு வைங்க, அட்ரினலின்னு ஒண்ணு ரத்தத்துல பாயும். அது நேரா போயி கணையத்தோட கையப் புடிச்சுக்கிரும். இப்ப விடாத, சண்டை நடக்குது, சர்க்கரை ரத்தத்துலயே கெடக்கட்டும், கைகாலுக்கு வேணும்னு சொல்லும். இன்னொரு பக்கம் ஈரல் தான் சேத்து வச்சிருக்குற சர்க்கரையையும் அள்ளி ரத்தத்துல கொட்டும். கார்ட்டிசால்னு இன்னொண்ணு பின்னாடியே மெதுவா வரும், வந்தா லேசுல போகாது. காட்டுல புலி தொரத்துனப்ப மனுசன் தப்பிச்சு ஓட உண்டான ஏற்பாடு இது. ஒங்களுக்குத்தான் நாள்பூரா புலியா இருக்கு." பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள், அந்தச் சிரிப்பை அவன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. "இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க" என்றாள் அந்தம்மா. "சண்டை நெசமா நடக்குதா, மனசுக்குள்ள நடக்குதான்னு கணையத்துக்குத் தெரியாது. மாத்திரை முழுங்குறீங்க, சரி. கூடவே கோவத்தையும் முழுங்குனா மாத்திரை என்ன செய்யும்?" இதெல்லாம் படித்தவர்கள் பொழுதுபோகாமல் சொல்வது. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான். "அதெல்லாம் இருக்கட்டும்மா. கொழம்புல வெல்லம் போட்டா சுகர் ஏறுமா, ஏறாதா?" அந்தம்மா பேனாவை மூடினாள். "கொஞ்சம் ஏறும். ஆனா..." ஆனாவுக்குப் பின்னால் வந்தது அவன் காதில் விழவே இல்லை. ஏறும். டாக்டரே சொல்லிவிட்டாள். பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்த்தான், அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெல்லம் காய்ச்சுகிற வீட்டுப் பெண் அவள். அப்பன் வீட்டுக் கரும்பாலையில் பாகு கொதிக்கிற வாசனையிலேயே வளர்ந்தவள், இப்போதும் தை பிறந்தால் தம்பி வீரணன் மண்டைவெல்லம் கொடுத்தனுப்புவான், ஓலைக் கொட்டானில் வரும். அவள் கைக்கு எதிலும் துளி வெல்லம் போடாமல் இருக்க வராது, சாம்பாருக்குத் துளி, புளிக்குழம்புக்குத் துளி, ரசத்துக்குக்கூட ஒரு துளி. கல்யாணமான புதிதில் அந்தத் துளிக்காகவே தட்டை வழித்து நக்கியவன் இவன்தான். அதெல்லாம் அப்போது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, வீட்டில் இனிமேல் வெல்லம் என்ற பேச்சே கூடாது என்று கொட்டானைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினான். அப்படியும் கேட்டில் உட்கார்ந்துவிட்டு வந்து பார்த்தால் இருநூற்று எண்பது, வீட்டில் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் முந்நூறு. எவளோ எதையோ போடுகிறாள். வேறு எவள். அன்றைக்குப் பாகற்காய்க் குழம்பு. சர்க்கரைக்கு நல்லது என்று அவள்தான் தேடி வாங்கி வந்து வைத்தாள். முதல் கவளம் கசந்தது, இரண்டாவது கவளத்தில் கசப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று நாக்கின் ஓரத்தில் மெத்தென்று வந்து நின்றது. இனிப்பு. நிறுத்தினான். "என்னடி போட்ட?" அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். "பாவக்காய்க்குப் புளியங்கொட்டையளவு வெல்லம் போடாட்டி தொண்டையில எறங்குமா? ஒரு சட்டிக் கொழம்புக்கு அம்புட்டுதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷம் நிறுத்தியவள்தான். அன்றைக்கு என்ன வந்ததோ, திரும்பி அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஒங்க சுகரு எங் கொழம்புல இல்லீங்க. டாக்டரம்மா சொன்னாங்கள்ல, ஒங்களுக்குள்ளயேதான் ஆலை ஓடுது." தட்டு பறந்தது. சுவரில் குழம்பு வழிந்தது. அடுப்பு மேலிருந்த இரும்புக் கரண்டி எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது, அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள், கரண்டி மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த கரும்பை முறித்த மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. அதுதான் இப்போதும் அவனுக்கு ஆறவில்லை, கத்தியிருந்தால் கோபம் இறங்கியிருக்கும். கை மடங்கித் தொங்குகிறது, உதடு வெளுத்துப் போயிற்று, அப்படியே திரும்பி, இடது கையால் கேஸ் அடுப்பை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த ரசம் அடங்குகிற வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

மத்தளம் ஆரம்பித்துவிட்டது. காதுக்குள் கேட்கிறது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது, தண்ணீர் குடிக்கலாமா, குடிக்கலாம் என்றுதான் பிரின்ஸி சொன்னாள், எழுந்து குடித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. அதைப் பிடித்துக்கொள். அதுவே பாதி சாட்சி. அவள் கையால் சாப்பிடாமல் இருந்த இத்தனை நாளும் கேழ்வரகுக் கஞ்சி, அவித்த காய், உப்புப் போட்ட மோர், கடை டீகூடக் கிடையாது, நாய் முகர்ந்துவிட்டுப் போகிற சோறு, பல்லைக் கடித்துக்கொண்டு தின்றான். எல்லாம் அந்த வீரணனால். போனில் கூப்பிட்டு, உன் அக்காளை அனுப்பி வை என்று கேட்டதற்கு அவன் பதறவில்லை, திட்டவில்லை, வாத்தியார் மாதிரிப் பேசினான். "மச்சான், எங்கக்கா எலும்பு ரெண்டு எடத்துல விட்டுருக்கு. என்ன தப்புப் பண்ணுச்சுன்னு சொல்லுங்க, தப்புன்னா நானே கூட்டியாந்து விடுறேன்." "வெல்லம் போட்டு என்னையக் கொல்லப் பாத்தா மாப்ள." "அப்பிடியா." "அப்பிடியாவா? அவ கையால தின்னாம இருந்து டெஸ்ட் எடுத்துக் காட்டுறேன்டா. சுகரு எறங்கிருச்சுன்னா அவ வந்து எங் கால்ல விழணும், நீயும் பக்கத்துல நிக்கணும்." வீரணன் கேட்டான். "எறங்கலேன்னா மச்சான்?" அவன் போனை வைத்துவிட்டான். எறங்கலேன்னா. ராத்திரி கஞ்சி ஆற்றும்போது அது வந்து நிற்கும். கேட்டைத் திறக்கும்போது நிற்கும். இப்போதும் வந்து நிற்கிறது, டிவிக்குக் கீழே. எறங்கலேன்னா என்னடா, எறங்கலேன்னா உன்னை வெட்டுவேன், உன் ஆலையைக் கொளுத்துவேன், எறங்கும்டா, ஏன் எறங்காது, வெறும் இட்லிடா, வெறும் இட்லி.

பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கையை மடக்கி நெஞ்சோடு அணைத்திருந்தாள். அந்த மடக்கல். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் சின்ன வயசில் அப்படித்தான் கையை மடக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டத்தில் ஒளிவான். அவனைப் பெற்ற அய்யா மாட்டு வண்டி ஓட்டினவர், வத்தலக்குண்டுச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றி வருவார், தார்க்குச்சியால் மாட்டைக் குத்துவார், அதே குச்சியால் இவனையும். மாடாவது வால் ஆட்டும். அடித்து முடித்ததும் அய்யா கை கழுவிவிட்டு நிறையச் சாப்பிடுவார், அன்றைக்கென்று நல்ல பசி எடுக்கும் அவருக்கு, இவன் கொட்டத்திலிருந்து அவர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான், நெஞ்சு மத்தளம் கொட்டும், வாய் வறளும், உள்ளங்கை வியர்க்கும். இதே வியர்வைதான். இதே மத்தளம்தான். அப்படியானால் இது கோபம் இல்லையா, இது அதுவா, அந்தக் கொட்டத்தில் இருந்ததா? சீ. அவனுக்கு எதற்குப் பயம். அவனைக் கண்டு மற்றவர்கள்தான் பயப்படுவார்கள். கடைசியில் அய்யாவுக்குக் கால் விரல் கறுத்தது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள், சர்க்கரை என்று அப்போது ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது, பாம்பு தீண்டியது என்றார்கள். செருப்புக்குள் தன் கட்டை விரலை ஆட்டிப் பார்த்தான். ஆடியது. இருக்கிறது. மெயின் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது, மலைக்குப் போகிற வண்டியாக இருக்கும், எவனோ ஓட்டுகிறான், எவனோ ஒருத்தன் அவன் சீட்டில் சாய்ந்துகொண்டு, அவன் வளைவுகளில் அவன் கியரைப் போட்டுக்கொண்டு போகிறான்.

நல்லதை நினை என்று தன்னைத்தானே அதட்டினான். நல்லது என்றால் இதுதான்: இருநூறுக்குள் வந்துவிட்டது, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலங்காநல்லூர் வண்டியில் ஏறுகிறான். வீரணன் வீட்டு வாசல். ஜனம் கூடி நிற்கிறது, நிற்கட்டும். காகிதத்தை வீரணன் முகத்தில் எறிகிறான், படிடா. வீரணன் படிக்கிறான், தலை குனிகிறான். பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து வருகிறாள், மாவுக்கட்டோடு, வந்து காலில் விழுகிறாள். இவ்வளவுதான் அவன் கேட்டது. இதோடு முடிந்துவிட்டது, எழுந்திரு, போகலாம் வா என்று குனிந்து தூக்க வேண்டும். குனிகிறான். குனிந்தால் அவள் தலைமுடி கைக்கு வருகிறது. அடுத்த நொடி அவள் முகம் வாசற்படியில் மோதுகிறது. இல்லை, இது இல்லை, திரும்ப முதலிலிருந்து. வண்டியில் ஏறுகிறான், வாசல், காகிதம், படிடா, காலில் விழுகிறாள், எழுந்திரு என்கிறான், கால் தானாக ஓங்கி அவள் விலாவில் இறங்குகிறது. ஏன் சிரிச்ச? டாக்டர் முன்னாடி ஏன்டி சிரிச்ச? திரும்ப முதலிலிருந்து. இந்தத் தடவை அவள் விழவே இல்லை, நின்று பார்க்கிறாள், அடுப்பை அணைத்த கையோடு பேசாமல் நின்று பார்க்கிறாள், அதற்காக அடிக்கிறான், கரண்டி, கரும்பு, ஆலையில் கிடந்த விறகுக் கட்டை, எது கிடைத்தாலும், வீரணன் குறுக்கே வருகிறான், அவன் மண்டையில் ஒன்று, பாகு கொதிக்கிற கொப்பரையில் அவனைப் பிடித்துத் தள்ள வேண்டும், ஜனம் ஓடுகிறது, அவள் மட்டும் அப்படியே நிற்கிறாள், கத்துடி, கத்தித் தொலை, அவள் கத்தவில்லை, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. சொந்த நினைப்பில்கூட அந்தக் கையை அவனால் நிறுத்த முடியவில்லை. பார்ப்பவர்களுக்கு ஒரு பெரியவர் மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார், அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் மூடி மட்டும் அவன் பிடித்த பிடியில் ஓரம் நெளிந்திருந்தது. வயிற்றுக்குப் பின்னால், அந்தம்மா படம் போட்டுக் காட்டிய இடத்தில், கணையம் சண்டை முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. சண்டைதான் முடிகிற வழியாக இல்லை.

"அண்ணே, டைம் ஆச்சு, வாங்க" என்றாள் பிரின்ஸி. கையை நீட்டினான். ஊரையே உருட்டி மிரட்டுகிறவனுக்கு ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மூடிக்கொண்டான். "என்னண்ணே கையி இப்பிடிச் சில்லுன்னு இருக்கு? வேர்த்து வேற ஊத்துது. எங்கயாச்சும் நடந்துட்டு வந்தீங்களா?" "இல்லம்மா, இங்கனதான் உக்காந்திருந்தேன்." ரத்தம் குழாயில் ஏறுவதைக் கண்ணைத் திறந்து பார்த்தான், கறுப்பாக இருந்தது, பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தெரியவா போகிறது. உள்ளே கொண்டுபோனாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். முருகா, இருநூறுக்குள், மொட்டை போடுகிறேன். அவள் வெளியே வந்தபோது முகத்திலேயே தெரிந்தது, காலையில் சூப்பர் என்று சொன்ன முகம் இல்லை அது. "முந்நூத்தி இருவதுண்ணே." என்னது? "சந்தேகமா இருந்துச்சுன்னு ரெண்டு வாட்டி ஓட்டிட்டேன். என்ன சாப்ட்டீங்க?" "இட்லிம்மா. ரெண்டு இட்லி. வெறும் இட்லி." "டீ, கீ ஏதும்?" "வெறும் இட்லின்னு சொல்றேன்ல!" குரல் கூடத்தையே உலுக்கியது, போன் பார்த்தவன் போனை அணைத்தான். சோலைமலை ஒரு எட்டு முன்னால் வந்தான், மிஷினைக் காட்டத்தான் கையைத் தூக்கினான், மிஷின் சரியில்லை என்று சொல்லத்தான், சத்தியமாக அதற்குத்தான். அந்தப் பெண் பின்னால் நகர்ந்து முகத்தின் குறுக்கே முழங்கையைத் தூக்கிக்கொண்டாள். அவள் யாரோ, அவளுக்கு அவனைத் தெரியாது, அவன் வீட்டுச் சமையலறையைத் தெரியாது. ஆனால் அதே கை, அதே உயரத்தில், அதே மணிக்கட்டு அவன் பக்கம் திரும்பி நின்றது. தூக்கிய தன் கையை அவன் பார்த்தான். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம். மெதுவாக இறக்கினான். "பயப்படாதம்மா" என்றான், சொன்ன குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "நான் சும்மாதாம்மா உக்காந்திருந்தேன்." பிரின்ஸி முழங்கையை இறக்கவில்லை. "பரவாயில்லண்ணே, போயிட்டு இன்னொரு நாளு வாங்க. அமைதியா இருந்துட்டு வாங்க" என்று கதவுப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

வெளியே வெயில். படியில் உட்கார்ந்தான். வெறும் இட்லி, தன் கை, தன் அடுப்பு. வெல்லம் போட ஒருத்தியும் வீட்டில் இல்லை. பின்னே எங்கிருந்து வந்தது அத்தனை சர்க்கரையும்? துரத்தத் துரத்தத் திரும்பி வருகிற நாய் மாதிரி அவள் சொன்னது வந்தது, ஒங்களுக்குள்ளயேதான் ஆலை ஓடுது, அவன் அதைத் துரத்தினான், திரும்ப வந்தது. புளியங்கொட்டையளவு என்றாள். அந்த அளவை விரல் நுனியில் வைத்துப் பார்த்தான். அதற்கா அந்த எலும்பு? வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. வீரணன் எண்ணைத்தான் அழுத்தினான், எடுத்தவள் அவள். "ம்" என்றாள். பின்னால் குழாயில் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம். "டெஸ்ட் முடிஞ்சிருச்சு" என்றான். "ம்." "எறங்கல." தண்ணீர்ச் சத்தம் நின்றது, அவள் குழாயை மூடியிருக்க வேண்டும், இடது கையால். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தான், சிரிக்கட்டும், திட்டட்டும், தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். அவள் ஒன்றும் செய்யவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்தவனிடம் சாப்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"யார அடிச்சீங்க?"

"யாரையும் அடிக்கல. சும்மாதான் உக்காந்திருந்தேன்" என்று சொல்ல வாயெடுத்தான். லேப் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னதுதான், மனப்பாடம்தான். ஆனால் வாசற்படியில் மோதிய முகமும் விலாவில் இறங்கிய காலும் கத்தாமல் நின்ற அவளும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள், எல்லாம் முடிந்து ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது.

"உன்னத்தான்" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, அவள் செய்த ஒரு காரியம் அவனுக்குச் சரியாகப் பட்டது. நெளிந்த மூடியை டிபன் பாக்ஸில் வைத்து அழுத்திப் பார்த்தான், பொருந்தவில்லை. அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறக்க டிப்போவுக்கு நடந்தான்.